செகண்ட் ஹேண்ட் என்று சொல்லக் கூடாது

அக்டோபர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அப்பாவும் முட்டி வலியைத் தவிர நலம். அத்தையும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை வருடம் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று யோசிப்பீர்கள். ஒன்றுமில்லை, ஒரு கார் வேண்டும்.

இணையத்தில் உங்கள் ஷோரூம் பக்கத்தில் கருநீலத்தில் பெரிய வெளிநாட்டு வண்டி ஒன்றைப் பார்த்தேன். பழுப்புத் தோல் சீட்டு. விவரங்களுக்குத் தொடர்பு கொள்ள என்று கீழே உங்கள் படம். கோட்டும் டையுமாகக் கைகட்டி நிற்கிறீர்கள். தொப்பைதான் படத்துக்குள் அடங்கவில்லை.

நான் இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலை நடத்துகிறேன். அத்தை சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமல் விட்டிருப்பார். போகவர டெலிவரி வேன்தான். அந்தப் படியில் அப்பாவால் ஏற முடிவதில்லை. வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது.

ஆலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்து பார்க்க முடியாது. நீங்கள் பார்த்துச் சொல்வதுதான் எனக்குக் கண். ஒரே ஒரு சந்தேகம். என்னதான் பளபளத்தாலும் அது செகண்ட் ஹேண்ட் வண்டிதானே? போன் செய்ய வேண்டாம், மெஷின் சத்தத்தில் காது கேட்காது. எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா மகள்


அக்டோபர் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் மாமா பொண்ணு, ஆலை முதலாளி" என்று ஷோரூம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. பதினோரு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. மாமா தன் கூடப்பிறந்தவளைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் அப்படி என்ன செய்துவிட்டோம்? சரி, போகட்டும். நீயே வந்துவிட்டாய்.

அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே, தாயே. எங்கள் ஷோரூமில் அதை யார் வாய்தவறிச் சொன்னாலும் அன்றைக்கு அத்தனை பேருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். முதலாளி போட்ட சட்டம். சேர்ந்த புதிதில் மாதம் முழுக்க நான்தான் டீ வாங்கினேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'சர்டிஃபைடு ப்ரீ ஓன்ட்' என்றுதான் வாயில் வரும். முன்பு ஒருவர் வைத்திருந்து, நாங்கள் சோதித்துச் சான்று கொடுத்த வண்டி என்று அர்த்தம். வண்டிக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

நேற்று அதை நானே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கவே இல்லை. கதவு, கண்ணாடி, டிக்கி, டயர் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். மாமாவுக்கு ஏற வசதியாக முன் சீட்டு தாழ இறங்கும், அதையும் வீடியோ எடுத்திருக்கிறேன். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அத்தான்


அக்டோபர் 12

அன்புள்ள அத்தானுக்கு,

படங்களை அப்பாவுக்கும் காட்டினேன். அவருக்கு இப்போது கண் மங்கல். நீல நிறம் தெரிகிறது என்றார். சீட்டு இறங்குவதைத்தான் இரண்டு தரம் போடச் சொன்னார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. கறையோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. எவ்வளவு வெளுத்துக் கொடுத்தாலும் இதில் யார் படுத்தாரோ என்று கேட்கிற ஆட்கள் உண்டு. முன்னால் ஒருவர் உட்கார்ந்த சீட்டு, ஒருவர் பிடித்த ஸ்டியரிங். அவர் ஏன் விட்டுவிட்டுப் போனார்? குறை இல்லாமலா போவார்? நாலு பேர் அப்படித்தானே பேசுவார்கள்? உங்கள் சர்டிஃபிகேட் இன்ஜினுக்குச் சரி. பேசுகிற வாய்க்கு என்ன பதில் சொல்வது? நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள், அப்பாவுக்கும் தெம்பாக இருக்கும்.

மாமா மகள்


அக்டோபர் 14

அன்புள்ள வாயாடிக்கு,

இவ்வளவு படித்து, ஆலை நடத்தி, இன்னும் நாலு பேர் வாய்க்குப் பயப்படுகிறாயா? கேட்டுக்கொள்.

முன்னால் ஒருவர் கையில் இருந்தது ஒரு குறையா? அவனுக்கு அருமை தெரியவில்லை, விட்டுவிட்டான். அது அவன் புத்தியில் இருக்கிற கோளாறு. அதற்கு இது என்ன செய்யும்? புதுசு, புதுசு என்று பறக்கிறவனுக்குக் காகிதத்தைக் கிழித்துப் பிரிக்கிற சந்தோஷம் போதும், உள்ளே இருக்கிற தரம் அவனுக்குத் தெரியாது. ஓடி, மழையும் வெயிலும் பார்த்து, அதன்பிறகும் ஒரு கீறல் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது பார், அதற்குத்தான் மதிப்பு அதிகம். விவரம் தெரிந்தவன் இப்படி ஒன்று வாசலுக்கு வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். வேண்டாம் என்பவன் முட்டாள்.

இதைவிட விளக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். இந்த வண்டி ரொம்ப நாளாக மூலையில் நிற்கிறது. வாங்கச் சொல்லி முதலாளியை வற்புறுத்தியது நான். இந்த மாதம் முடிவதற்குள் தள்ளவில்லையென்றால் அடுத்த மாதம் முதல் வர வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயதில் நான் எங்கே போய் நிற்பேன்? நீ எடுத்துக்கொண்டால் நானே லாரியில் ஏற்றி, கூடவே வந்து, சாவியை உன் கையில் கொடுப்பேன். ஏழு நாள் ஓட்டிப் பார், பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம். அது எழுத்தில் இருக்கிற விதி. நீ அனுப்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அத்தான்


அக்டோபர் 18

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் மனசைக் கரைத்துவிட்டது. வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். முழுப் பணமும் இன்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அத்தையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், அப்பா வாயைத் திறந்து கேட்கமாட்டார், ஆனால் தங்கையைப் பார்க்க ஆசை. இன்னொரு உதவி. நீங்கள் எழுதிய அந்தப் பத்தியை அப்பா உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்கிறார். அவரால் படிக்க முடியாது. நான் படித்தால் உங்கள் தோரணை வராது. பிரதி எடுத்து வையுங்கள்.

மாமா மகள்


அக்டோபர் 31

அத்தானுக்கு,

வண்டி இன்று காலை லாரி ஏறிவிட்டது. நாளை மறுநாள் உங்கள் ஷோரூமுக்கு வந்து சேரும். ஏழு நாளைக்குள் அனுப்பியிருக்கிறேன், விதிப்படி.

திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் எழுதக் கட்டம் ஒன்று இருந்தது. அதில் 'செகண்ட் ஹேண்ட்' என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது டீ வாங்கித் தர வேண்டியிருந்தால் என் பேரில் வாங்கிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு என்ன அழகாகப் படித்தீர்கள்! படிக்கிற மும்முரத்தில் நீங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "அவனுக்கு அருமை தெரியவில்லை" என்ற இடத்தில் அத்தைக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தவர் கடைசிவரை நிமிரவில்லை. அப்பா உங்களை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். காது கேட்காமலா கேட்டார்? அவருக்குக் கண்தான் மங்கல்.

பதினோரு வருடம் முன்னால் உங்கள் வீட்டுக் கூடத்தில் அதே மூன்று பேர். எனக்கு விவாகரத்து ஆகி நாலு மாதம் இருக்கும். உங்களுக்கும் ஒன்றும் அமையவில்லையே என்று அப்பா மெல்லப் பேச்செடுத்தார். நான் சமையலறையில் இருந்தேன். நடுவில் கதவுகூடக் கிடையாது. "செகண்ட் ஹேண்ட் எல்லாம் நமக்கு எதுக்கு மாமா? புதுசு கிடைக்காமலா போயிடும்?" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவும் கூடச் சிரித்தார். நீங்கள் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். என்னைப் பெற்றவரை அப்படிச் சிரிக்க வைத்தீர்களே, அதற்குத்தான் இவ்வளவும்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இருக்கிற இடத்தில் என்னை வைத்துப் படியுங்கள். எழுதியது நீங்கள், அதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.

இன்று மாதக் கடைசி. எனக்கு அது தெரியும்.

மாமா மகள்


நவம்பர் 4

அன்புள்ள மாமா மகளுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன், மாமா வந்ததே மங்கலாகத்தான் இருக்கிறது. நான் அப்படிச் சொன்னேனா என்று அம்மாவைக் கேட்டேன். "சொன்னேடா. சிரிச்சுக்கிட்டே சொன்னே" என்றார். அன்றிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

விளையாட்டாகச் சொல்லியிருப்பேன். அந்த வயதில் எதைப் பேசினாலும் சிரிப்புதான், உனக்குத் தெரியாதா? உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கவே மாட்டேன். மாமாவிடம் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், நீ எப்போது வரச் சொன்னாலும் வருகிறேன்.

முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை. வண்டியில் நான் எதையோ மறைத்து உன் தலையில் கட்டியதாக நினைக்கிறார். நீ அவருக்கு ஒரு நாலு வரி எழுதினால் போதும். வண்டியில் குறை இல்லை என்று மட்டும் எழுது. உன்னை வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கெட்டவன் என்றால் கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், வேலை மட்டும் போகாமல் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


நவம்பர் 9

அத்தை மகனுக்கு,

நீங்கள் கேட்டபடியே உங்கள் முதலாளிக்கு எழுதிவிட்டேன். நாலு வரிதான். 'வண்டியில் ஒரு குறையும் இல்லை. சர்டிஃபிகேட்டில் உள்ள அத்தனையும் உண்மை. விற்றவரைப் பிடிக்காமல்தான் திருப்பி அனுப்பினேன். வேறு யார் விற்றாலும் அதே வண்டியை அன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்.'

மறுநாள் காலையிலேயே அவர் கூப்பிட்டார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினேன். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. வரவேற்பில் உட்காரும் பெண்ணின் பேரில் பில் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை வண்டி வருகிறது. கூட வருவது அந்தப் பெண்தான். உங்களுக்கு முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஞாபகமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. நான் இவ்வளவு வருடமும் உங்களுக்கும் அது உறுத்தும், என்றைக்காவது ஒரு நாள் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் இருந்தது, வெட்கமாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் முதலாளிக்கு முதல் இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பேன். பேனாவை வைத்துக்கொண்டு அதற்காகவே உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். இல்லை.

அத்தை இங்கே வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அவரை ஏற்றிவிட்டால் போதும், கூட வர வேண்டாம்.

"போதும்மா, விட்டுடு" என்கிறார் அப்பா. அவருக்குப் போதுமாக இருக்கலாம். எனக்குப் போதவில்லை.

இப்படிக்கு,
வண்டியை வாங்கியவள்