ஒன்பதாவது கேள்வி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நாலு தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை உனக்குக் கெட்டமின் சிகிச்சை தொடங்குகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். போன வருஷம் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். முதுகுவலிக்காகப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். மனச்சோர்வு என்று சொல்ல வாய் வரவில்லை.

அறுவைக்கு மயக்கம் கொடுக்கிற மருந்துதான். குறைந்த அளவில், நாற்பது நிமிஷம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவர்கள் சொன்ன நேரத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதே. நீ விழுங்குகிற மாத்திரை அத்தனையையும் சொல்லிவிடு. ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். கை கால் யாருடையதோ என்று தோன்றும். எனக்கு, நான் பழுதுபார்க்கும் லிஃப்ட் ஒன்று நிற்காமல் ஏறிக்கொண்டே போவதுபோல் இருந்தது. மருந்து நின்றதும் அதுவும் இறங்கிவிட்டது. குமட்டினால் நர்சிடம் சொல், வீரம் காட்டாதே. அன்று முழுக்க வண்டியைத் தொடக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அவசரக்குடுக்கை நீ, அதனால் சொல்கிறேன்.

இனி நான் செய்த முட்டாள்தனம். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு தாள் தருவார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று ஒன்பது கேள்விகள், இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று வரை போட வேண்டும். இருபது வருஷமாகக் கயிறு சரி, கதவு சரி, பிரேக் சரி என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. அண்ணி வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் முறை மளமளவென்று ஒன்பதுக்கும் பூஜ்யம் போட்டேன். டாக்டரும் நம்பி, ஆறு தடவை ஏற்ற வேண்டிய மருந்தை நான்கோடு நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டே நாளில் சோர்வு பழையபடி திரும்பிவிட்டது. ஒரு கட்டடத்தில், எட்டாவது மாடியில், லிஃப்ட் வந்து நிற்காதபோதே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாதுகாப்பு பெல்ட் போடாமல் நின்றேன். காவலாளி கீழேயிருந்து, டீ ஆறுது, வர்றீங்களா இல்லையாண்ணே என்று கத்தினார். இறங்கிப் போய்க் குடித்தேன்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையான எண்களைக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. இந்தத் தாளை வச்சுத்தாங்க அடுத்து என்னன்னு முடிவு பண்றோம் என்றார். மறுபடி தொடங்கினார்கள். மாத்திரை இன்னும் ஓடுகிறது. ஊசி ஒரேயடியாகக் குணமாக்கிவிடாது, சிலருக்குப் பலனே இருக்காதாம். அப்படியானால் அது உன் தப்பில்லை, வேறு வழி பார்ப்பார்கள்.

நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்வதில் நீ என்னையே மிஞ்சினவள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலாம் என்று தோன்றுகிறதா என்பது. மூன்று என்றால் மூன்றே எழுது. திங்கள் வரை தாங்காது என்று பட்டால், இப்போதே மாப்பிள்ளையிடம் சொல், ஆஸ்பத்திரிக்குப் போ.

ஞாயிறு மாலை வந்துவிடுவேன். திங்களன்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உன் தாளைப் பார்த்து அழ மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும். அழுவேன், இருந்தாலும் நீ எழுது.

நூறு வயது வரை நீ என்னோடு சண்டை போட வேண்டும்.

உன் அண்ணன்