பிரசவ வார்டுக்குப் போன கண்டக்டரும் மூன்று நிறத் துணியும்

அனுப்புநர்:
ஸ்ட்ரெச்சர்காரர் (ஓய்வு),
மருத்துவமனைப் பின்தெரு,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பெருவிபத்து ஒத்திகை – நிறத் துணிகளைத் திரும்ப வைக்கக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் மருத்துவமனைக்கு முதல் லிஃப்ட் வந்து, திறந்து வைக்க வந்த பெரிய மனிதரையே அரை மணி நேரம் உள்ளே பிடித்து வைத்துக்கொண்ட ஆண்டு அது. அந்த மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தில் இரண்டு பேருந்துகள் மோதின. அறுபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள நாங்கள் எட்டுப் பேர்.

2. யாரை எங்கே கொண்டுபோவது என்று தலைமை நர்ஸம்மா சீட்டெழுதிப் போர்வையில் குத்தினார். எனக்கு எழுத்து தெரியாது. வெட்கத்தில் கேட்கவும் இல்லை. விடியற்காலையிலிருந்து என் மனைவி வலியோடு பிரசவ வார்டில் இருந்ததால் நினைப்பெல்லாம் அங்கே. ஒருவருக்கு முகம் முழுக்கக் கட்டு. போர்வைக்கு மேல் வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. நேரே பிரசவ வார்டுக்குத் தள்ளிவிட்டேன். கட்டை விலக்கினால் மீசை!

"ஏய்யா, மீசை வெச்ச பிள்ளைத்தாச்சிய எங்கேருந்து புடிச்ச?" என்றார் ஆயாம்மா. என் மனைவி வலியிலும் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உள்ள ரத்தம் கொட்டுது, மேசையில ஏத்து" என்றார். ஆபரேஷன் தியேட்டரில் வரிசை நின்றது. இங்கே மேசை காலி. அவர் மோதிய பேருந்தொன்றின் கண்டக்டராம்; பிழைத்தார். மதியத்துக்குள் என் மூத்த மகளும் பிறந்தாள்.

3. நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. "படிக்கத் தெரியாதுன்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கேட்டுக்கொண்டே நிற நிறமான வார்டுத் திரைகளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கையில் கட்டினார். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம், பச்சை என்றால் பெஞ்சில் உட்காரலாம். அதன்பின் ஒரு ஸ்ட்ரெச்சரும் வழி தவறவில்லை. அந்தத் துணிகள் ஒரு தகரப் பெட்டியில் வாசலிலேயே இருந்தன.

4. வரும் பதினான்காம் தேதி ஒத்திகை என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பெட்டியை எடுத்துவிட்டு, பொடி எழுத்தில் வெள்ளை அட்டை வைத்திருக்கிறார்களாம். இன்று தள்ளுகிறவர்களில் மூன்று பேர் என்னைப் போல எழுத்து தெரியாதவர்கள். படித்தவருக்கும் ரத்தம் பட்ட அட்டையில் எழுத்து தெரியாது. அன்று எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லா ஸ்ட்ரெச்சருக்கும் வாய்க்காது ஐயா.

5. ஆகவே அட்டைகளோடு அந்த நிறத் துணிகளையும் திரும்ப வைத்து, தள்ளுகிறவர்களையும் ஒத்திகைக்கு அழைத்து, சாய்தளத்தை அடைத்திருக்கும் உடைந்த கட்டில்களை அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்கிறேன். லிஃப்டை நம்ப வேண்டாம். அதன் குணம் எனக்குத் தெரியும். பொய் நோயாளிகள் தேவையென்றால் நானும் அந்தக் கண்டக்டரும் தயார். எனக்குப் பச்சை போதும். அவருக்குச் சிவப்பு கட்டுங்கள். வயிறு அப்படியேதான் இருக்கிறது.

நாள்: ஒத்திகைக்கு ஒன்பது நாள் முன்பு
இடம்: பின்தெரு

இன்னும் தள்ளத் தெம்புள்ள,
(இடது பெருவிரல் ரேகை)

சொல்லச் சொல்ல எழுதியவர்: அன்று பிறந்த மூத்த மகள்

சாட்சி: அன்று வந்த அறுபத்திரண்டு பேரில் இன்றும் இந்த ஊரில் இருக்கும் ஒரே ஆள், 'பிள்ளைத்தாச்சி' கண்டக்டர்.