மெட்டோடி கேட்ட படிவம்

ஸ்டோயன்,

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நான் உன் தம்பி மெட்டோடி வீட்டுக்குப் போகிறேன். நாளை அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கோதுமையை அவிக்க அவன் மனைவி ரலிட்சாவுக்குத் துணை வேண்டும்.

ஈஸ்டர் விருந்தில் மெட்டோடியிடம் நீட்ட ஆயுள் காப்பீட்டுப் படிவத்தை நான் எடுத்ததும், "பள்ளிக்கூட வேலை போதாதுன்னு என் தம்பி சாவையும் விக்கக் கிளம்பிட்டியா?" என்று கத்தினாய். மடித்து வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. போன வாரம் மெட்டோடியே போன் செய்தான். "அண்ணி, பத்து வீடு ஏறியும் ஒருத்தரும் சேரலையாமே. நான் சேர்றேன், ரெண்டு பொண்ணுங்க இருக்கே" என்றான். உன் கோபம் ஆறட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிடுவான் என்று யார் கண்டது.

ரலிட்சாவிடம் இதை இன்று சொல்லிவிடுவேன்.

நெவேனா

பி.கு: நீ வரும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால், எனக்காகப் பரிந்து பேசாதே.