பாட்டு முடிந்த பிறகும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தரின் கிருபை உன்னோடு இருக்கட்டும். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆலயம் இப்போது பாதிதான் இருக்கிறது. பாடகர் குழு நிற்கும் மூலை மண்ணுக்குள் போய்விட்டது.

உன் மச்சான் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எது கேட்டாலும் பதிலுக்குக் காற்றுதான் வருகிறது.

உன் குரல் மற்றவர்களை அமுக்குகிறது என்று போதகர் எல்லோர் முன்னாலும் சொல்ல, நீ பாட்டைப் பாதியில் விட்டுப் போனாயே, அதன் பிறகு சபையே இரண்டாகிவிட்டது. உனக்காகப் பேசியவர்கள் இடப்பக்க பெஞ்சுகளில், போதகருக்காகப் பேசியவர்கள் வலப்பக்கம். நடுவழியை யாரும் தாண்டுவதில்லை.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. கண் தெரியாத நம் பாட்டு டீச்சர் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு முடிஞ்ச பிறகும் ஒரு குரல் நிக்குதும்மா. அடிக்குரல். தரைக்குக் கீழேருந்து வருது. உன் தம்பி குரல் மாதிரியே இருக்கு" என்றார். டீச்சருக்கு இப்போது காதும் போச்சு என்று வலப்பக்கத்தார் சிரித்தார்கள்.

அந்த வலப்பக்கத்தில்தான் காது கேட்காத தச்சர் உட்காருவார். பெஞ்சில் உள்ளங்கையை வைத்துத்தானே அவர் பாட்டை அறிவார்! எல்லோரும் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கமாட்டார். இன்னும் நிற்கவில்லை என்று சைகை காட்டுவார். இடப்பக்கத்தார் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆலயம் பெருக்கும் மூக்கு அத்தையை உனக்குத் தெரியுமே, பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் இங்கே அடுப்பை அணைப்பவர். புதுசா குழி வெட்டின வாசம் வருதே என்று அவர் சொன்னபோது, அபசகுனமாகப் பேசாதே என்று எல்லோருமே அடக்கிவிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனது. விசிறிகள் நின்றன. அந்த அமைதியில் டீச்சர் எழுந்தார். யாரையும் பிடிக்காமல், நடுவழியைத் தாண்டி, நீ எப்போதும் நிற்பாயே, அந்த இடத்துக்கு நேராக நடந்துபோனார். தச்சர் ஏற்கெனவே அங்கே மண்டியிட்டு, தரையில் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தார். அத்தை குனிந்து மோந்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "நீங்களும் இங்கதானா?" என்றார் அத்தை. தச்சர் போதகரை நிமிர்ந்து பார்த்து, கீழே வெறும் பள்ளம் என்று கைகளை விரித்துக் காட்டினார்.

போதகர் பேசினால் அழுகிற குழந்தையும் அடங்கும், அது அவருக்குக் கிடைத்த வரம். பிரசங்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு, பாடிக்கொண்டே வெளியே போவோம், ஓடவேண்டாம் என்றார். பஸ் டிரைவர் அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். இரண்டு பக்கமும் கலந்து, ஒரே பாட்டாக வெளியே வந்தோம். போதகர் கடைசியாகப் படி இறங்கினார். உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். தரை போய்விட்டது.

உடைந்த குழாய்த் தண்ணீர் மண்ணை அரித்திருக்கிறது, கேட்டது அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் என்றார் பார்க்க வந்த இன்ஜினியர். டீச்சர் தலையாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் மட்டும், "தண்ணி நடுநடுவுல மூச்சு வாங்குமா?" என்று கேட்டார். பள்ளத்துக்குள் விளக்கடித்தார்கள். பெஞ்சுகளும் சேறும்தான் இருந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். எதைத் தேடினாய் என்று கேட்காதே.

இப்போது டிரைவர் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் கூடுகிறோம். பக்கம் பார்க்க இடமில்லை, நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். அடிக்குரல் இல்லாமல் பாட்டுக்குக் கால் பாவவில்லை. உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போதகர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

நீ போன நாளிலிருந்து உன்னைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. உன் போனில் மணி போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை. கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. ஒரு வரி போதும், ஆனால் உன் கையாலேயே எழுது. நீ எங்கிருந்தாலும் கர்த்தர் உன்னை வெயில் படும் இடத்தில் வைத்துக் காக்கட்டும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா