கலைத்துப் போட்ட குறிகள்

அக்காவுக்கு,

எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது. பழைய முத்திரைகளில் உள்ள, யாருக்கும் புரியாத குறிகளை நீ படிக்கும் முறையைத்தான் கணினி நிரலாக எழுதித் தந்தேன். எல்லாவற்றையும் அது கடகடவென்று படித்ததும் நான் குதித்தேன். நீயோ, உன் மகள் விளையாட்டாகக் கலைத்து அடுக்கிய குறிகளைக் கொடுத்துப் பார்த்தாய். அதையும் "அரசனின் களஞ்சியம்" என்று படித்தது.

"எதைக் கொடுத்தாலும் அர்த்தம் வருதுன்னா, என் முறையே தப்புடா."

"பேசாம விடுக்கா, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடா, மண்டு!"

உன் பாதி ஆயுளை அதில் போட்டிருந்தாய்.

நாளை ஆய்வரங்கில், அந்த முறை தப்பென்று நீயே சொல்லப்போகிறாய். கைதட்ட ஆளிருக்காது என்றாய். முதல் வரிசையில் ஓர் இடம் பிடித்து வை. எனக்கு மெதுவாகத் தட்டத் தெரியாது.

உன் முரட்டுத் தம்பி