வலிக்குதுன்னு சொல்லிட்டாரு நைனா

எந்த ஆபீசுக்குப் போனாலும் எனக்கு முன்னால் நுழைந்துவிடும் என் நைனாவுக்கு,

அப்பீலில் ஜெயித்துவிட்டோம். உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. உன் மருமகனுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கிடைத்துவிட்டது. முடித்தால் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளில் உட்கார்ந்து டிசைன் போடலாம்.

நீ கண்ணை மூடின பிறகு நடந்ததெல்லாம் உனக்கு எங்கே தெரியும்? எல்லையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவருக்கு இங்கே கிடைத்தது ஒரே வேலை, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. "மிலிட்டரிக்காரருதானே, சும்மா நின்னுக்கினு இருந்தா போதும்" என்பார்கள். நிற்பதுதானே அவரால் முடியாதது?

அதனால்தான் காயம்பட்ட படைவீரர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சிக்கு மனுப் போட்டோம். தள்ளிவிட்டார்கள். மருத்துவப் பரிசோதனையில் கேட்ட கேள்விக்கெல்லாம் இவர் விறைப்பாக நின்று, "தொந்தரவு எதுவும் இல்ல சார்" என்றிருக்கிறார். பட்டாளத்துப் பழக்கம். தொந்தரவே இல்லாதவருக்கு மறுவாழ்வு எதற்கு என்று எழுதிவிட்டார்கள்.

இன்று திருவள்ளூரில் அப்பீல் விசாரணை. வலியை மறைக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொன்னேன். அதிகாரி, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்றதுதான் தாமதம், இவர் எழுந்து விறைத்துவிட்டார்.

"நல்லா இருக்கேன் சார்."

உன் பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பொய் சொல்றாரு சார்" என்றேன். அது என் குரல்தானா? "எங்க ஊரு புதுவாயல்ல பஸ் ஏறதுக்குள்ள வேர்த்து ஊத்துது. ஊட்டுக்கு வந்து செயற்கைக் காலைக் கழட்டினா ஒரே புண்ணு. புள்ளையத் தூக்கிக்கினு நாலடி நடக்கச் சொல்லுங்க, பாக்கலாம்."

"சும்மா இரு கவிதா," இவர் பல்லைக் கடித்தார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "இது பரேடு இல்லங்க. உக்காந்து சொல்லுங்க, வலிக்குதா?"

உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "வலிக்குது சார். நிக்க முடியல" என்றார். கல்யாணமானதிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை நைனா.

பயிற்சிக்கு அங்கேயே சம்மதித்துவிட்டார்கள். வெளியே வந்ததும், "மானத்த வாங்கிட்ட" என்று முறைத்தார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வகுப்பு மாடியில் இருக்குமோ? பாடம் புரியாவிட்டாலும், "புரிஞ்சுது சார்" என்று சொல்லி வைப்பாரோ?

தினமும் சாயங்காலம் அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லிக்காட்ட வைப்பேன். தெரியவில்லை என்றால் மறுநாள் கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன். வேலையில் உட்காரும்வரை விடமாட்டேன். இது உன் பேத்தி மேல் சத்தியம்.

நீ ஆசையாகத் திட்டிய வாயாடி மகள்,
கவிதா