திரும்பி வராதவர்களை எப்படி எண்ணுவது

என் சங்கரிக்கு, வாய்க்கு வாய் என்னோடு மல்லுக்கு நின்ற என் அக்காவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், உன்மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவள்மேல் என்னடி கோபம் என்று அம்மா கேட்கிறாள். செத்துப்போனதற்கும் சேர்த்துத்தான் கோபம். எலிப்பனி என்று இங்கே சொல்கிற அந்தக் காய்ச்சலில் போய்ச் சேர்கிற வயதா உனக்கு? காலில் புண்ணை வைத்துக்கொண்டு பள்ளுருத்திச் சந்துகளில் முட்டளவு சாக்கடைத் தண்ணீரில் இறங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "தண்ணி வத்துற வரைக்கும் மனசு காத்திருக்குமாடி?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாய். பெரிய வசனம்!

இப்போது மட்டாஞ்சேரியில் மழை விட்டிருக்கிறது. அம்மா சோறு போடுகிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான். அதற்கும் காரணம் நீ. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் எழுத வரும், உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் வழக்கம்போல் என் மண்டையில் குட்டு.

நீ மனசைப் பற்றிப் படித்தாய், நான் புள்ளியியல் புரோகிராம் எழுதப் படித்தேன். நகராட்சியில் குப்பை அள்ளிய அப்பாவுக்கு இரண்டுமே கடைசிவரை பிடிபடவில்லை. "மூத்தது பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குது, சின்னது கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுது" என்று கேட்பவர்களிடம் முடித்துவிடுவார். நீ பல்லைக் கடிப்பாய். நான் சிரிப்பேன்.

காக்கநாட்டில் என் கம்பெனியில் எப்படி வேலை நடக்கும் என்று உனக்கு ஒருநாள் சொன்னேன், நினைவிருக்கிறதா? மருந்துச் சோதனைக் கணக்கை ஒருவர் மட்டும் போட்டால் ஏற்க மாட்டார்கள். ஒரே டேட்டாவை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவருக்கும் ஒரே விடை வந்தால்தான் வெளியே போகும். வராவிட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பிரிந்தோம் என்று பேசித் தீர்க்க வேண்டும். "பொருத்தம் பாத்துக் கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரியில்ல இருக்கு" என்று கிண்டலடித்தாய்.

உன் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு உன் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்கிறேன். நீ எழுதி முடித்த கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது, அதற்கு முன் உன் கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "சங்கரிக்காக உயிரைக் கொடுத்துச் செய்ய உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று மலையாளத்தில் சொல்லி அழுதார். நானும் அழுதேன். சரி என்றேன்.

உன் புரோகிராமைத் திறக்கவில்லை. டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு உன் மேசையில் உட்கார்ந்தேன். பெயர்கள் இல்லாமல் வெறும் எண்களாகத்தான் எனக்கு அவர்கள் வந்தார்கள். ஆனால் யார் என்று தெரியும்: தமிழ்நாட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்து கட்டடத்திலும் ஹோட்டலிலும் மார்க்கெட்டிலும் பாடுபடுகிறவர்கள். தூக்கம் வராதவர்கள், சோறு இறங்காதவர்கள். அவர்களில் பாதிப்பேரைப் பள்ளுருத்தியில் அந்த மாடி அறைக்கு ஞாயிறுதோறும் வரவழைத்து, அவர்கள் தமிழிலேயே பேசவைத்தாய். மீதிப்பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சில மாதம் கழித்து எல்லோரிடமும் பழைய கேள்விகளையே மறுபடியும் கேட்டாய். பேசியவர்களுக்கு மனபாரம் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

குறைந்தது என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்படி வரவில்லை.

முதலில் என் தப்பு என்றுதான் நினைத்தேன். திரும்பவும் முதல் வரியிலிருந்து எழுதினேன். மறுபடியும் அதே விடை. பேசியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு மேடத்திடம் கேட்டுக்கொண்டு உன் புரோகிராமைத் திறந்தேன்.  உன் எழுத்தை உன் அனுமதி இல்லாமல் படிப்பது போல இருந்தது.

பிரிந்த இடம் சீக்கிரமே கிடைத்தது. இரண்டாம் முறை கேள்வி கேட்கப் போனபோது சிலர் வரவில்லை. அவர்கள் இடம் டேட்டாவில் காலியாக இருக்கிறது. இந்த மென்பொருளுக்கு ஒரு குணம். நாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் காலியான வரிசையைத் தானாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கூட்டிக் கழித்து அழகாக விடை கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை வராது. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. திரும்பி வராதவர்களை விட்டுவிடக் கூடாது, குணமாகவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆய்வு தொடங்குவதற்கு முன்பே விதி எழுதியவள் நீதான். அந்த விதியை நான் புரோகிராமில் எழுதினேன். உன் புரோகிராமில் அது இல்லை. அப்படி வராமல் போனவர்களில், பேசவந்து பாதியில் நின்றவர்கள்தான் அதிகம். அவர்களைத் தள்ளிவிட்டால் எல்லோரும் தேறிவிட்டது போலத் தெரிகிறது.

மறந்துவிட்டாயா? ஆட்களைத் தேடிப் பிடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாயா? இல்லை, வருகிற விடை பிடித்திருந்தது என்று கண்டும் காணாமல் போனாயா? ஆபீஸில் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டிருப்பேன். இப்போது யாரிடம் கேட்க? நீ ஏன் இப்படிச் செய்தாய் சங்கரி?

ஆய்வுக்காக உன்னோடு வீடு வீடாக வந்த ஷீபா சேச்சியைத் தேடிப் போனேன். தோப்பும்படியில் ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்து பேசினோம். "வராதவங்க வீட்டுக்குத்தான் மோளே உன் சேச்சி முதல்ல போவா. மழையாணு, நாளைக்குப் போவாம்னு நான் பறஞ்சா கேக்கணுமே!" என்றாள். பேரோ விலாசமோ நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

கட்டட வேலைக்கு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவனாம். நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் நடந்து அவன் அறைக்குப் போனபோது, கூட இருந்தவர்கள் கதவைத் திறந்து, "அவன் போயிட்டான்க்கா" என்றார்களாம். ஊருக்கா என்று நீ கேட்டாயாம். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். தன் கையாலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உன் சேச்சி கரையவே இல்ல, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கடைசியா அவனுக்குத் தூக்கம் வந்துச்சான்னு கேட்டா. அது மாத்திரம்தான் கேட்டா. பின்ன படியிலயே இருந்துட்டா, மழை நனஞ்சு" என்றாள் ஷீபா. சாயா ஆறிப்போய்விட்டது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அடுத்த சில நாளில் உனக்குக் காய்ச்சல். அவன் இறந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. நான்தான் மேடத்திடம் சொன்னேன். உன் கணக்கில் அந்தப் பையன் இல்லவே இல்லை. என் கணக்கில் அவன் குணமாகாதவர்களில் ஒருவன். செத்தவனைக் குணமாகவில்லை என்று எழுதுகிற கை என்னுடையது. எது பெரிய அவமானம் என்று நீயே சொல்.

மேடம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் விடை அச்சானால் அந்த மாடி அறைக்கு வருகிற பண உதவி நின்றுவிடும் என்று பயப்படுகிறார். சங்கரியின் விடையே போகட்டும், நீ சரிபார்த்ததாக ஒரு கையெழுத்து மட்டும் போடு என்றார். மாட்டேன் என்றேன். "அப்படியானால் உன் விடையைப் போடலாம். ஆனால் சங்கரியின் பெயரை எடுத்துவிடுவோம். போனவளுக்கு எதற்கு இந்தத் தோல்வி?" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அம்மா ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், எம் பிள்ளை பேரு வெளிநாட்டுப் புத்தகத்தில் வரப்போகிறது என்று. அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போடக் கண்ணாடிக் கடைக்காரரிடமும் பேசிவிட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் நின்று கேட்டாள்.

"அப்ப எம் பிள்ள தண்ணில எறங்குனது வெறுதேயா? சும்மாவாடி செத்துச்சு?"

 "அவளக் கொற சொல்றதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சமா?" என்றாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தட்டை வைப்பாள், குழம்பை ஊற்றுவாள், போய்விடுவாள். நீ இருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டிச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நேற்று மேடத்துக்கு எழுதிவிட்டேன். விடை என்னுடையது, முதல் பெயர் உன்னுடையது, இரண்டில் எதை எடுத்தாலும் இந்தக் கட்டுரைக்கு நான் ஆள் இல்லை என்று. இன்னும் பதில் வரவில்லை. அறையை மூடிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆசையோடு படியேறி வருகிறவன் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போவான், அந்தப் பாவம் என் தலையில்தான். ஆனால் தேற்றாத பேச்சைத் தேற்றும் என்று அச்சடித்துவிட்டால், இன்னோர் ஊரில் இன்னொருத்தி அதை நம்பி இப்படியே அறை திறப்பாள். அங்கேயும் வராமல் போகிறவர்களை யாரும் எண்ண மாட்டார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது அக்கா. நீயும் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பத்தான் ஆசை.

ஆசை என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனென்றால், உன் கட்டுரைக் கோப்பில் 'பயன் தருகிறது' என்ற வரியை நீ எப்போது எழுதினாய் என்பது பதிவாகியிருக்கும். அந்தப் பையன் வீட்டுக்குப் போவதற்கு முன்பா, போய்வந்த பிறகா என்று ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். போவதற்கு முன்பு என்றால் நீ ஏமாந்திருக்கிறாய். போய்வந்த பிறகு என்றால், எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பலமுறை விரல் அதன்மேல் போய் நின்றது.

அடுத்தவர் எழுதியதை நம்பாமல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு புள்ளியைக்கூடச் சரிபார்க்காமல் விட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் சாகும்வரை பார்க்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் சத்தியம்.

உன்னை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
ராஜி